முப்பது சதவீத ஊனம் என்றால் எத்தனை சதவீதம் கூலி போச்சு?

டைல்ஸ் ஒட்டுகிறவர் வேலை செய்வதை அரை மணி நேரம் நின்று பாருங்கள். குத்தவைத்து உட்கார்ந்து கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மட்டம் பார்த்து, எழுந்திருக்காமல் அப்படியே ஒரு அடி பின்னால் நகர்ந்து அடுத்த கல். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். கையில் என்னதான் திறமை இருந்தாலும் கூலி முழுக்க முழங்காலில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், முப்பது வயது, பைபாஸில் லாரி இடித்து வலது முழங்கால் நொறுங்கிப்போனது. பிளேட் வைத்து, ஸ்க்ரூ போட்டு, நாலு மாதம் படுக்கை. இப்போது நடக்கிறார், லேசாகக் கெந்துவார், பஸ் ஏறுவார், கடைக்குப் போய் வருவார். பார்க்கிறவர்கள் "பரவாயில்லையே, நல்லா ஆயிட்டீங்களே" என்கிறார்கள். முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது, அவ்வளவுதான் குறை. மருத்துவ வாரியம் கொடுத்த சான்றிதழில் நிரந்தர ஊனம் 30 சதவீதம்.

சரி, அப்படியானால் மீதி 70 சதவீதம் டைல்ஸ் ஒட்டலாமா? ஒரு கல்கூட ஒட்ட முடியாது.

சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் நடக்கிற சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உடம்பில் எவ்வளவு போனது என்பது ஒரு கணக்கு, பிழைப்பில் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு. முதலாவதை டாக்டர் சொல்வார். இரண்டாவதை, இந்த வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நஷ்டப்படுவது எப்போதும் உடல் உழைப்பாளி.

இதை உச்சநீதிமன்றம் 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. அதில் வரும் உதாரணம் எளிமையானது: இடது கை போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகவே போய்விட்டது, அதே கை போனவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, வேலையும் நிலைத்துவிட்டால், வருமான இழப்பு என்று ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்த எழுத்தருக்குப் பணம் கிடையாது என்று அர்த்தமில்லை, வாழ்க்கையில் இழந்த சுகங்களுக்கு என்று தனித் தலைப்பில் அவருக்குக் கிடைக்கும். ஆனால் வருமான இழப்பு என்பது வேலையைப் பார்த்துத்தான். ஆகவே தீர்ப்பாயம் முதலில் இவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டும், இந்த உடம்போடு எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் சதவீதம்.

இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு, அது தொழிலாளிக்குக் கொஞ்சம் கசக்கும். காலுக்கு 45 சதவீதம் என்று டாக்டர் எழுதினால் அது காலுக்கான சதவீதம்தான், முழு உடம்புக்கு அல்ல. சிகிச்சையே செய்யாத டாக்டரிடம் போய்த் தாராளமாகச் சதவீதம் வாங்கி வருகிற பழக்கத்தையும் நீதிமன்றம் கடிந்துகொண்டது. நம் ஊரிலும் இது உண்டு, மறைப்பதற்கில்லை. அதனால்தான் இப்போது பல தீர்ப்பாயங்கள் தனியார் டாக்டர் சான்றிதழை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அரசு மருத்துவமனையின் மருத்துவ வாரியத்துக்கு அனுப்புகின்றன.

இப்போது அந்த டைல்ஸ்காரருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள் (அதை ஒத்துக்கொள்ள வைப்பதே பெரும்பாடு, பின்னால் வருகிறேன்). நிரந்தர வேலை இல்லாதவர், நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும், இது 2017 அக்டோபரில் பிரணாய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும், 2009இல் சரளா வர்மா வழக்கில் போட்ட அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை 17. மொத்தம் 42,84,000. இறந்தவர் வழக்கில் கழிப்பதுபோல் இதில் சொந்தச் செலவு என்று எதையும் கழிக்கக் கூடாது, ஏனென்றால் இவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிட வேண்டும்.

இதில்தான் சதவீதம் வருகிறது. சான்றிதழில் உள்ள 30ஐ அப்படியே போட்டால் 12,85,200. அவரால் இனி கொத்து வேலைக்கே போக முடியாது, எடுபிடி வேலைதான் என்று பார்த்து 70 போட்டால் 29,98,800. ஒரே முழங்கால், ஒரே விபத்து. நடுவில் பதினேழு லட்சம்.

இதையும் விட மோசமான மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் பல காலமாக நடப்பது, சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ரேட் போடுவது. முன்பு ஆயிரம், இரண்டாயிரம் என்று இருந்தது, மெல்ல ஏறி நாலு, ஐந்து ஆயிரம் என்று வந்திருக்கிறது. காயம் பிழைப்பைப் பாதிக்கவில்லை என்கிற கேஸுகளுக்கு இந்த முறை பொருந்தும், அதில் தப்பில்லை. ஆனால் பிழைப்பையே முடக்கிய காயத்தையும் இதே தராசில் வைத்தால் 30 சதவீதத்துக்கு, ஐயாயிரம் ரேட்டில், ஒன்றரை லட்சம். முப்பது லட்சம் எங்கே, ஒன்றரை லட்சம் எங்கே. எந்த முறையில் கணக்குப் போட வேண்டும் என்பதை முடிவு செய்வது, அவர் சாட்சிக் கூண்டில் ஏறி என்ன சொன்னார் என்பதுதான் பெரும்பாலும். "கால் வலிக்குதுங்க, முன்ன மாதிரி நடக்க முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவந்தவர்கள் நிறையப் பேர். குத்தவைக்க முடியாது, சாரத்தில் ஏற முடியாது, கலவைச் சட்டியைத் தலையில் வைத்து எழ முடியாது, மேஸ்திரி கூப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று வேலையை விவரித்துச் சொல்ல வேண்டும். டாக்டரையும் அதே மாதிரி கேட்க வேண்டும். எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டால் எண் மட்டும்தான் பதிலாக வரும்.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது செய்யலாமே? பெட்டிக்கடை வைக்கலாமே, கல்லாவில் உட்காரலாமே?" நம் டைல்ஸ்காரரிடமும் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "யாரு கடைல ஐயா?" என்று கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உச்சநீதிமன்றம் 2012இல் மோகன் சோனி வழக்கில் நல்ல பதில் சொல்லியிருக்கிறது. அவர் வண்டி இழுக்கும் தொழிலாளி, ஐம்பத்தைந்து வயது, இடது காலை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்தபடி வேறு வேலை பார்க்கலாம் என்கிற எண்ணத்தில் கீழ்மட்டத்தில் வருமான இழப்பைப் பாதியாகக் கணக்கிட்டிருந்தார்கள். உச்சநீதிமன்றம் 90 சதவீதமாக்கியது. வேறு வேலைக்கு மாறிச் சம்பாதிப்பார் என்பது வெறும் யூகம், அதை வைத்து நஷ்டஈட்டைக் குறைக்கக் கூடாது, குறைக்க வேண்டுமானால் கையில் பிடித்துக் காட்டக்கூடிய காரணம் வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கெல்லாம் தாத்தா மாதிரி ஒரு தீர்ப்பு 1976இலேயே உண்டு, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. தச்சர் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போனது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு நூறுக்கும் குறைவான சதவீதம்தான். ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே நூறு சதவீதம் என்று முடித்துவிட்டார்கள்.

எல்லா நேரமும் நூறு கிடைக்கும் என்றும் இல்லை. நீதிமன்றங்களில் டைப்பிங், டேட்டா என்ட்ரி வேலை பார்த்த இளைஞர் பப்பு தேவ் யாதவ், வலது கை போனது, சான்றிதழில் 89 சதவீதம். கீழே அதை 45 ஆக்கியிருந்தார்கள். 2020இல் உச்சநீதிமன்றம் 65 என்றது. டைப்பிஸ்டுக்கு வலது கை போனால் ஏன் 65, ஏன் 90 இல்லை என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. இந்த எண்களில் கொஞ்சம் ஊகம் எப்போதும் கலந்தே இருக்கிறது, நீதிபதிக்கு நீதிபதி மாறும். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு: வருங்கால உயர்வு இறந்தவர்களுக்கு மட்டும்தான், ஊனமானவர்களுக்குக் கிடையாது என்று இன்சூரன்ஸ் தரப்பு ஓட்டிக்கொண்டிருந்த வாதம் எடுபடாமல் போனது.

இனி வருமானம். மாதம் 15,000 என்று சுலபமாக மேலே எழுதிவிட்டேன். தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எண்ணிக் கொடுக்கிற பணம், அவருடைய பாக்கெட் நோட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான் ஆவணம். அதனால் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் என்று ஒன்றைத் தானே வைக்கும், அது பெரும்பாலும் உண்மைக் கூலிக்குக் கீழேதான் இருக்கும். கர்நாடகத்தில் காய்கறி விற்றுவந்த சையது சாதிக், வலது கால் போனவர், அவர் வழக்கில் 2014இல் உச்சநீதிமன்றம் காய்கறிக்காரரிடம் வருமானத்துக்கு ஆதாரம் கேட்பதே நியாயமில்லை என்று சொல்லி மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, சம்பாதிக்கும் திறன் இழப்பை 85 சதவீதம் என்று வைத்தது. அப்புறம் ஊர் ஊராக வக்கீல்கள் அந்த 6,500ஐப் பிடித்துக்கொண்டார்கள், அது 2008 விபத்துக்கான எண் என்பதை மறந்துவிட்டு. குறைந்தபட்சக் கூலி அறிவிப்பை ஒரு அளவுகோலாகப் பார்க்கலாம், அதுவே வேதவாக்கு இல்லை என்றும் உச்சநீதிமன்றம் பிறகு சொல்லியிருக்கிறது.

ஆதாரம் கேட்பது நியாயமில்லைதான், ஆனாலும் இருந்தால் நல்லது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தொழில் என்ன என்பதாவது நிரூபணமாகிவிடும். இப்போது நிறைய மேஸ்திரிகள் ஜிபேயில் கூலி போடுகிறார்கள், அந்த பேங்க் ஸ்டேட்மென்ட் தங்கம். மேஸ்திரியையே சாட்சிக்குக் கூட்டிவரலாம், வருவதாகச் சொல்லிவிட்டு வாய்தா அன்றைக்கு போனை ஆஃப் செய்துவிடுவார், அது வேறு கதை.

இந்தச் சதவீதச் சண்டை போடும் இடத்துக்கே வந்து சேராதவர்கள் இருக்கிறார்கள். நாற்று நடவுக்கும் களை எடுக்கவும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஓடும் லோடு ஆட்டோவை எல்லோரும் பார்த்திருப்போம். பின்னால் கம்பியைப் பிடித்தபடி இருபது பேர், நடுவில் தூக்குவாளிகள். அது கவிழ்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி எழுந்து சொல்வது: இது சரக்கு வண்டி, ஆள் ஏற்றுவதற்கு நாங்கள் பாலிசி கொடுக்கவில்லை. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று உச்சநீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் கூட வந்தாலோ, வண்டி உரிமையாளரின் வேலையாளாக லோடு ஏற்றி இறக்க வந்தாலோ பாதுகாப்பு உண்டு. நடவுக்குப் போகிற பெண் இந்த இரண்டிலும் வரமாட்டார். வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வரும், ஓனருக்கு அந்த லோடு ஆட்டோவே கடனில் இருக்கும். சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடுகிறார்கள், அது நீதிபதியின் மனசைப் பொறுத்தது. அந்தப் பெண்களுக்குப் போக பஸ் இல்லை என்பது எந்தத் தீர்ப்பிலும் காரணமாக வருவதில்லை.

அடுத்து, சொந்த வண்டியில் விழுந்தவர்கள். குறுக்கே நாய் வந்தது, பள்ளத்தில் சக்கரம் இறங்கியது, அடித்தவன் என்று எவனும் இல்லை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது அடுத்தவருக்கு, ஓட்டியவருக்கு அல்ல. ஓனரே ஓட்டியிருந்தால் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் இருக்கும், ஒரு காலோ கையோ போனால் அதில் பாதி. ஓசி வாங்கி ஓட்டியவர் நிலைமை இன்னும் சிக்கல், வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அந்த வண்டியின் இன்சூரன்ஸில் மூன்றாம் நபராகக் கேட்க முடியாது என்பதுதான் சட்டம்.

ஆனால் மேஸ்திரி வண்டியில் சைட்டுக்குச் சாமான் வாங்கப் போய் விழுந்தால்? அப்போது தீர்ப்பாயத்தை விட்டுவிட்டு தொழிலாளர் துறை ஆணையரிடம் போகலாம். 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை, வேலையின்போது வேலை காரணமாக விபத்து நடந்ததா என்பதுதான். கணக்கு எளிது, பணமும் குறைவு: சம்பளத்தில் 60 சதவீதம், அதைச் சட்டத்தில் உள்ள வயதுக் காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு 207.98. நம்முடைய 15,000 ரூபாய்க்காரருக்கு முழு ஊனம் என்றால் 18,71,820. தீர்ப்பாயக் கணக்கில் பாதிகூட இல்லை. சம்பளம் 25,000 ஆக இருந்தாலும் 15,000 என்றே எடுத்துக்கொள்வார்கள், 2020 ஜனவரியில் போட்ட உச்சவரம்பு அது, அதற்கு முன்னால் 8,000தான். இரண்டு கதவையும் தட்ட முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மோதிய வண்டியும் அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால் தீர்ப்பாயம் நல்லது, தானாக விழுந்தால் ஆணையர்தான் கதி. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இந்தப் பழைய சட்டம் கரைந்துவிட்டது, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உச்சநீதிமன்றமும் அதே வருடம் ஜூலையில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கில் அப்படித்தான் சொன்னது. தொழிலாளிகள் பாதிப் பேர் அடிபடுவதே விடியற்காலைப் போக்கிலும் இரவுத் திரும்பலிலும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: அரசு பஸ் மோதியிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுக்கத் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. அந்த நிதியிலிருந்து பணம் வராதபோது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, நோட்டீஸ் ஒட்டி, பஸ்ஸை கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிவந்து நிறுத்துவார்கள். "நஷ்டஈடு வழங்காத அரசு பஸ் ஜப்தி" என்று பேப்பரில் வருவது இதுதான். கால் போனவர் தனக்கு வர வேண்டிய பணத்துக்காகக் கோர்ட் வாசலில் நிற்கும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செயற்கைக் கால் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் வராது, ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டும், நடுவில் ரிப்பேர் செலவு. 2022இல் முகமது சபீர் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைக் கணக்கில் எடுத்து, இனிமேல் மாற்ற வேண்டிய கால்களுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுத்தது. மனுவில் இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

மனு போடும் காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். முறிந்த எலும்பு கூடவே ஆறு மாதம் ஆகும், ஊனம் நிரந்தரமா இல்லையா என்பதே அதற்குள் தெரியாது. இதை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன, காலம் கடந்தது என்று மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் போட்டிருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம்.

நம் டைல்ஸ்காரர் வழக்கில் தீர்ப்பாயம் 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, தொகையில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். எடுக்க முடிந்த பணத்தில் ஒரு கட்டிங் மிஷின் வாங்கி மச்சினனிடம் கொடுத்துவிட்டு, அவர் போகிற சைட்டுகளில் இவர் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கல்லுக்கு அளவு குறித்துத் தருகிறார், கூலி முன்பு வாங்கியதில் மூன்றில் ஒன்று. இப்போது அவருக்கு ஒரே பயம்தான். யாராவது வந்து போட்டோ எடுத்து, பாருங்கள் வேலைக்குப் போகிறார் என்று கோர்ட்டில் காட்டிவிடுவார்களோ என்று. வாசலில் புது ஆள் யாராவது நின்றால் ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுகிறார்.